யாரோ ஒரு பெண்ணின் முகம்

ஈரத் தொப்பியைத் தலையிலிருந்து கழற்றியதும் மகாராஜா ஒரு பெருமூச்சு விட்டார்.

மகாராஜாவுக்கு மூன்றரை வயது. தொப்பி என்றால் சாதாரணத் தொப்பி இல்லை. ரப்பர் நூல் வலையில் சின்னச் சின்னப் பஞ்சு உருண்டைகள். உப்புத் தண்ணீரில் முக்கித் தலையில் மாட்டிவிட்டால், மூளைக்குள் ஓடும் மின்சாரம் கம்பி வழியாக என் கணினிக்கு வந்துவிடும். மாட்டுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பாதித் தண்ணீர் என் சட்டையில்தான் இருந்தது.

ஆனால் மாட்டியபிறகு சமர்த்து. அம்மாவின் மடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, திரையில் வந்த படங்களைப் பார்த்தான்.

நான்கு படங்கள் மாறி மாறி வரும். அவன் அம்மாவின் முகம். யாரோ ஒரு பெண்ணின் முகம். அவனுக்குப் பிடித்த பொருள். அவன் பார்த்தேயிராத ஒரு பொருள். மற்ற பிள்ளைகள் காரோ பொம்மையோ கொண்டுவருவார்கள். இவன் கொண்டுவந்தது சமையலறையில் எண்ணெய் ஊற்றும் மஞ்சள் புனல். தூங்கும்போதும் அது கையில் இருக்க வேண்டுமாம்.

தெரிந்ததைப் பார்த்தால் மூளை ஒரு துள்ளு துள்ளும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அந்தத் துள்ளல் எப்படி வருகிறது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

ஒரு பிள்ளையை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது, பெற்றோரிடம் வாயைத் திறக்காதே என்று எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. கணினியின் திரையைத் திருப்பி வைக்கத்தான் மறந்துவிட்டேன்.

ஒவ்வொரு படத்துக்கும் மூளை எவ்வளவு துள்ளியது என்பதைத் திரையில் ஒரு கோடு காட்டும். புனலின் கோட்டுக்கும் தெரியாத பொருளின் கோட்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இரண்டு முகங்களின் கோடுகளோ ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கிடந்தன. கீழே எந்தக் கோடு எதனுடையது என்று வேறு எழுதியிருந்தது.

“புனலைத் தெரியுது. என்னைத் தெரியலை.”

அவன் அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“அப்படியில்லைங்க” என்று ஆரம்பித்தேன்.

“அந்த ரெண்டு போட்டோவையும் காட்டுங்க மேடம். ஒருவேளை அந்தப் பொம்பளை என்னை மாதிரியே இருக்காளோ என்னவோ.”

காட்டினேன். எல்லா அம்மாக்களையும் நாங்கள் ஒரே மாதிரிதான் படம் எடுப்போம். முடி தெரியாமல் சாம்பல் நிறத் துணி கட்டி, கம்மலையும் கண்ணாடியையும் கழற்றச் சொல்லி, சிரிக்காமல் உட்கார வைப்போம். ஒரு பிள்ளையின் அம்மாதான் அடுத்த பிள்ளைக்கு ‘யாரோ ஒரு பெண்’.

“நீங்களே சொல்லுங்க. ஒரே மாதிரியா இருக்கோம்?”

நன்றாகப் பார்த்தேன். இரண்டு படத்திலும் கண், மூக்கு, வாய் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

கொஞ்சம் சாயல் இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நிம்மதியாகக் கிளம்பியிருப்பாள். ஆனால் அந்த நிம்மதி வீடு போய்ச் சேரும்வரைகூடத் தாங்காது என்று தோன்றியது. அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

“இதுல எது நீங்கன்னு எனக்குத் தெரியலைங்க.”

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“நிஜமாதான். பொறந்ததுலேருந்தே எனக்கு யார் முகமும் மனசுல நிக்காது. குரல், நடை, போட்டிருக்கிற துணின்னு ஏதாவது ஒண்ணை வச்சு சமாளிச்சுக்குவேன். போட்டோன்னா பேரை எழுதி வச்சிருப்பேன். எங்க அம்மா முகமும் அப்படித்தான்.”

மகாராஜா தலையிலிருந்து வழிந்த உப்புத் தண்ணீரை அவள் தோளில் தேய்த்துத் துடைத்துக்கொண்டான்.

“டாக்டருக்குத் தெரியுமா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“தெரியாது. சொல்லிடாதீங்க.”

தலையாட்டினாள். கொஞ்ச நேரம் பையனின் ஈர முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

“சின்ன வயசுல ஸ்கூல் விட்டதும் வாசல்ல அத்தனை அம்மாங்க நிப்பாங்களே. அப்ப என்ன பண்ணுவீங்க?”

“எங்க அம்மாகிட்ட ஓடிடுவேன்.”

“எப்படி?”

“அது எனக்கே தெரியாதுங்க. ஆனா ஒரு நாள்கூட வேற அம்மாவோட வீட்டுக்குப் போனதில்லை.”