கவுன்சிலரு பேசப்போறாரு

வெள்ளச் சட்டை மாட்டிகினு, கண்ணாடி முன்னாடி நின்னு நோயல் கத்திகினு கீறாரு.

"மேயர் அவர்களே! கவுன்சிலரோட சொந்தக்காரனுக்கு மாநகராட்சில வேலை தரக்கூடாதுன்னு விதியத் திருத்துறீங்களே, சொந்தக்காரனுக்கு வயிறு கெடயாதா?"

"செம அண்ணாத்த! அப்ப என் குப்ப சூப்பர்வைசர் வேலை?"ன்னான் தம்பி ரூபன்.

"ராயபுரமே என்னைக் கவுன்சிலர்னு கூப்புடுது. எவன்டா உன் வேலைல கைய வெப்பான்?"

பொண்டாட்டி மெர்லின் டீய வெச்சா. "இன்னாங்க, நம்ம தெருவுக்கு ஒரு வாரமா குப்ப வண்டி வர்ல. தம்பிதான் சூப்பர்வைசரு, தூங்கிகினு கீது. அதையும் பேசுங்களேன்."

"உனுக்கு இன்னா தெரியும் அரசியலு? பொடவைய மாத்திகினு கெளம்பு."

மன்ற வாசல்ல செக்யூரிட்டி கைய குறுக்க போட்டாரு. "சார், நீங்க பார்வையாளர் மாடத்துக்குப் போங்க. மேடம் மட்டும் உள்ள போலாம்."

"யோவ், பேச்சே எங்கைல கீதுய்யா!"

"இருக்கட்டும் சார். எலெக்சன்ல ஜெயிச்சது மேடம்தானே?"

மெர்லின் அவரு கைல இருந்த பேச்சுப் பேப்பர வாங்கி மடிச்சி, பைக்குள்ள போட்டுகினு உள்ள போனா.

மாடத்துலேர்ந்து நோயல் எட்டிப் பாத்தாரு. மெர்லின் மைக்க புடிச்சா. பேப்பர மட்டும் எடுக்கவே இல்ல.

"திருத்தத்தை ஆதரிக்கிறேன். கூட ஒண்ணு சேத்துக்கோங்க. கவுன்சிலரோட வூட்டுக்காரரு வார்டு ஆபீஸ் சேர்ல ஒக்காரக்கூடாது."

கீழ பொம்பள கவுன்சிலருங்க அத்தினி பேரும் மேசையத் தட்டுனாங்க.

மாடத்துல வரிசையா வெள்ளச் சட்டைல ஒக்காந்திருந்த அவங்க வூட்டுக்காரருங்க அத்தினி பேரும் நோயல் பக்கம் திரும்புனாங்க.

"யோவ் கவுன்சிலரே! உன் பொண்டாட்டிய ஒக்காரச் சொல்லுய்யா!"