அங்க அடையாளம்

“மறந்துட்டியா, இல்ல வேணும்னே பண்ணினியா?”

முதலாளி குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தாத நாட்களில்தான் அந்த அலுவலகம் அதிகம் பயப்படும்.

எதிரே நின்றவளுக்கு அங்கே ‘மெக்கானிக்’ என்று பெயர். அலுவலகம் கட்டிக்கொடுக்கும் இணையதளங்களின் மேல்பூச்சை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே கையை விட்டு, பக்கம் சட்டென்று திறக்கவும், தேடுபவர் கண்ணில் முதலில் படவும் செய்வது அவள் வேலை.

“மறக்கல சார். நான்தான் போட்டேன்.”

திரையில் இருந்தது ஒரே ஒரு வரி. ‘இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரி. பக்கத்தைக் கட்டி முடிக்கும் வரை அதைப் போட்டு வைப்பார்கள், வெளியிடும்போது எடுத்துவிடுவார்கள். எடுக்க மறப்பதும் உண்டு. அப்படி மறந்துபோய், ஒரு சோபாக் கடை அந்த சீசன் முழுக்கத் தேடலில் தலைகாட்டாமல் கிடந்து, முதலாளி வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் எடுத்த வரியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டவர் இதுவரை யாருமில்லை.

அதுவும் எந்தப் பக்கத்தில்.

காணாமல் போன மகளைத் தேடும் ஒரு தகப்பனின் பக்கம் அது. பெரியவர் முதன்முதலில் வந்து உட்கார்ந்தபோது, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவ பேரைத் தட்டினா அவ முகம் முதல்ல வரணும் தம்பி. எங்க இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்.”

முதலாளிக்கும் ஒரு மகள் உண்டு. அங்க அடையாளங்களை அவரே பக்கத்தில் அமர்ந்து கேட்டு எழுதினார்.

“வலது புருவத்துல மச்சம். இடது காலை விந்தி நடப்பா. சின்ன வயசுல படியில விழுந்துட்டா தம்பி.”

படத்தின் கனத்தைக் குறைத்து, எந்த மட்டமான செல்போனிலும் கண் இமைப்பதற்குள் திறக்கும்படி செய்தவள் மெக்கானிக்தான். பக்கத்தின் அடியில், வழக்கம்போல, அலுவலகத்தின் பெயரும் போன் நம்பரும். ஊர் பார்க்கும் இடத்தில் நம் பேரும் இருக்கட்டுமே என்பார் முதலாளி. அந்தப் போன் இருப்பது அவள் மேசையில்.

அந்த வாரமே மகளின் முகம் முதலிடத்துக்கு வந்தது. அடுத்த வாரம் காணாமல் போனது. “என் பொண்ணு ரெண்டாவது தடவை தொலைஞ்ச மாதிரி இருக்கு தம்பி” என்று பெரியவர் சொன்ன அன்று முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை.

“ஏன் போட்டே?”

“அந்தப் பக்கம் மேல வர வேணாம் சார்.”

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

“காரணம் சொன்னா நீங்க அந்தப் பெரியவர்கிட்டயே கேப்பீங்க. நீங்க நல்லவர் சார். அதான் பயமா இருக்கு.” பிறகு கேட்டாள்: “அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு சார்?”

“இருபத்தாறு. அதுக்கென்ன? அறுபது வயசானாலும் பெத்தவனுக்கு அவ குழந்தைதான். அந்த மனுஷன் வயிறு எரியறது உனக்கு எங்க தெரியப் போகுது?”

“மெக்கானிக் இல்லையா சார், இதயத்தை வீட்லயே கழட்டி வெச்சுட்டு வந்திருக்கும்” என்றான் மூலையில் இருந்த டிசைனர். யாரோ சிரித்தார்கள்.

“நாளைலேருந்து வர வேணாம்” என்றார் முதலாளி.

அவள் சாப்பாட்டுப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“என் மேசைப் போன் அடிச்சா நீங்களே எடுங்க சார். வேற யாரையும் எடுக்க விடாதீங்க.”

அன்றே முதலாளி தன் கையால் அந்த வரியை அழித்தார். அதோடு விடவில்லை. ‘இடது கால் விந்தி நடக்கும் பெண்’ என்பதைப் பக்கத்தின் தலைப்பிலேயே ஏற்றினார். ஒரு காலத்தில் அவரும் இந்தத் தொழிலில் கில்லாடி. பக்கம் கிடுகிடுவென்று ஏறி, பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது.

ஒரு மத்தியானம் பெரியவர் கூப்பிட்டார்.

“இடம் தெரிஞ்சு போச்சு தம்பி. அவ குடியிருக்கற வீட்டுக்கார அம்மா தேடிப் பாத்திருக்காங்க. காலை வெச்சே கண்டுபிடிச்சுட்டாங்களாம். கார்ல போய்ட்டிருக்கேன், பக்கத்துல வந்துட்டேன். இனிமே எங்கயும் போக மாட்டா. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்.”

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் டீ சொன்னார். “நம்ம தொழிலுக்கும் ஒரு புண்ணியம் இருக்குப்பா” என்றார்.

டீ வருவதற்குள், ஆளில்லாத மேசையில் போன் அடித்தது. அவரே எடுத்தார்.

“அக்கா இருக்காங்களா?” யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்பது போல, அடங்கிய பெண் குரல்.

“எந்த அக்காம்மா?”

“என் போட்டோ மேல வராம பாத்துக்கறேன்னு சொன்னாங்களே, அந்த அக்கா.”

முதலாளி திரும்பி, திரையில் இருந்த மகளின் முகத்தைப் பார்த்தார்.

“அவங்க இப்ப இங்க இல்லம்மா. நீ பயப்படாதே. அப்பா வந்துட்டிருக்கார்.”

“வந்துட்டார் சார். கார் கீழ நிக்குது.”

படிகளில் ஏறி வரும் செருப்புச் சத்தம் போனிலேயே கேட்டது.

“சின்ன வயசுல விழுந்ததுன்னு அதுல போட்டிருக்கீங்களே, யார் சார் சொன்னது? போன தடவை நான் வீட்டை விட்டுப் போனப்ப, தேடிப் பிடிச்சுட்டு வந்து இந்தக் காலை ஒடைச்சதே அவர்தான்.”