ஏபெலின் படகும் ஒரு ஜாடித் தண்ணீரும்

"ஏம்மா டார்கஸ், உன் புருஷன் விழுந்த இடத்துல ஆத்துத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?"

மரண விசாரணை அதிகாரி விண்டில் கேட்டார்.

நீலப்பன்றி சத்திரத்துக் கூடத்தில் உள்ளூர் ஜூரிகள் பன்னிரண்டு பேரும் கூடியிருந்தார்கள். டார்கஸின் புருஷன், ஓடக்காரன் ஏபெல் செத்த விதத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. காற்றில் பறந்த தொப்பியை எட்டிப் பிடிக்கப் போனான். தொப்பி கிடைத்தது, உயிர் போய்விட்டது. கையில் தொப்பியோடுதான் கரை சேர்த்தார்கள்.

"பிடிச்ச பிடியை விடாத மனுஷன்!" என்றான் ஒரு ஜூரி. அழுகைக்கு நடுவே டார்கஸும் சிரித்துவிட்டாள்.

சிக்கல் படகில்தான். நல்ல தண்ணீரில் படகிலிருந்து விழுந்து செத்தால், சட்டப்படி படகுதான் குற்றவாளி. ஜார்ஜ் ராஜாவுக்குப் போய்விடும். உப்புத் தண்ணீர் என்றால் பழி கடலுக்கு, படகு தப்பிக்கும். இனி டார்கஸின் பிழைப்பே அந்தப் படகுதான்.

முப்பது வருஷமாக அந்த ஆற்றுத் தண்ணீரில்தான் அவள் கஞ்சி காய்ச்சுகிறாள். அதில் பேருக்குக்கூட உப்பு கிடையாது. பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு எப்படிப் பொய் சொல்வது?

"வந்து... துரை..."

"அவளைப் போய் ஏன் கேக்கறீங்க?" குறுக்கே பாய்ந்தான் மாவு மில் ஜோசையா, அவனும் ஒரு ஜூரி. "படகு அவளோடது. வாய்க்கு வந்ததைச் சொல்லுவா. தண்ணியை மொண்டுவந்து குடிச்சுப் பாருங்க!"

படுபாவி! ஏபெலின் வாத்துகள் இவன் பார்லியைத் தின்றதிலிருந்து பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவன். செத்த பிறகுமா வன்மம் தீரவில்லை?

"டேய், நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று எகிறினான் கசாப்புக்காரன்.

"உட்காருய்யா! அவர் சொல்றது நியாயம்" என்றார் அதிகாரி. கறாரான ஆசாமி, போன மாதம்தான் ஆளை உதைத்துக் கொன்றதென்று ஓர் ஏழையின் குதிரையை ராஜாவுக்குப் பிடித்துக் கொடுத்தவர். "யாராவது போய்க் கொண்டாங்க."

"நானே போறேன். இவங்கள்ல ஒருத்தனையும் நம்ப முடியாது" என்றான் ஜோசையா.

"என் வயித்தெரிச்சல் உன்னைச் சும்மா விடாதுடா!" என்று டார்கஸ் கத்தியது அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஜாடி கேட்டுச் சமையலறைப் பக்கம் போனவன், கால் மணி நேரம் கழித்து அது ததும்பத் ததும்பத் தண்ணீரோடு வந்து நின்றான்.

அதிகாரி ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலானது. அவசரமாகப் பீரை எடுத்து வாயைக் கழுவிக்கொண்டார்.

"உப்பு! அசல் கடல் தண்ணி! குமாஸ்தா, எழுதிக்கோ. தற்செயல் மரணம். படகு அந்த அம்மாவுக்கு."

கூடமே ஆரவாரித்தது. இதென்ன மாயம் என்று டார்கஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என் வயித்துல பாலை வார்த்தீங்க துரை!" என்றவள், ஜோசையாவைப் பார்த்து, "எப்படி? மூக்கு உடைஞ்சுதா?" என்றாள்.

அவன் பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது அதிகாரி ஜாடியை எடுத்து ஜோசையாவின் கையில் திணித்தார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் பக்கத்திலிருந்த டார்கஸுக்குக் கேட்டது.

"அடுத்த தடவையாவது நல்லாக் கலக்கிக் கொண்டாய்யா. அடியில பாதி உப்பு கரையாமக் கெடக்கு."