வராதீர்கள் என்றார் கேப்டன்

தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் சேறு இருந்தது. சேற்றின் மேல் படகு இருந்தது. படகின் மேல், காதில் போனுடன், கேப்டன் டெல்பர்ட் பிராக் இருந்தார்.

ஜனவரி வாடை இரண்டு நாள் விடாமல் அடித்தால், ஃப்ளோரிடாவின் இந்தக் கரையில் கடலே கொஞ்ச தூரம் எழுந்து போய்விடும். இது ஊருக்கே தெரியும். டெல்பர்ட்டுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருடமாக, வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, உள்ளூர் வானொலியில் மீன்பிடி நிலவரம் சொல்பவரே அவர்தான்.

என்ன, பத்தொன்பது வருடமும் சமையலறையிலிருந்து சொன்னார். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "நான் இப்போது நடுத்தண்ணீரில் இருக்கிறேன் நேயர்களே" என்பார். சலசலப்புக்குப் பாத்திரம் கழுவும் குழாயை லேசாகத் திறந்துவிடுவார்.

போன திங்கட்கிழமை, நிலையத்தின் மேலாளர் ஹாலிஸ் டைர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வானொலியின் புனிதம், நேயர்களின் நம்பிக்கை, உண்மையின் மாண்பு என்று நாற்பது நிமிடம் பேசினார். விஷயம் இவ்வளவுதான்: இந்த வாரம் நேரில் போக வேண்டும், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். இனி ஒரு பொய் வந்தாலும் அந்த ஐந்து நிமிடம் தூண்டில் இரைக்கடை ரோவினாவுக்கு.

காசு கொடுத்து மீன்பிடிக்க டெல்பர்ட்டின் படகில் கடைசியாக ஒரு ஆள் ஏறி மூன்று வருடமாகிறது. அந்த ஐந்து நிமிடமும் போனால், அவரைக் கேப்டன் என்று கூப்பிட உலகத்தில் ஒருவரும் மிச்சமில்லை.

ஆகவே விடிந்ததும் கிளம்பி பெலிகன் கழி என்ற உப்பங்கழிக்குள் படகைத் திருப்பினார். படகு நின்றது. சுற்றியிருந்த கொஞ்ச நஞ்சத் தண்ணீரும் விடைபெற்றுக்கொண்டது.

"கேப்டன், நேரலைல இருக்கீங்க," என்றாள் அறிவிப்பாளர் மர்லீன். "இன்னிக்கு நிலவரம் எப்படி?"

வழக்கமான வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. டெல்பர்ட் அதை விழுங்கினார்.

"பெலிகன் கழில இருக்கேன். தண்ணியே இல்லை. படகு சேத்துல மாட்டிக்கிச்சு. மீனும் இல்லை, ஒரு குஞ்சுகூட இல்லை. தயவுசெஞ்சு யாரும் இந்தப் பக்கம் வராதீங்க."

மர்லீன் அவசரமாக ஒரு பாட்டைப் போட்டாள்.

போனை வைத்தபோது டெல்பர்ட்டின் நெஞ்சு குளித்து முடித்ததுபோல் லேசாக இருந்தது. உண்மை பேசுவது இவ்வளவு சுலபமா? குடுவையிலிருந்து காப்பியை ஊற்றிக்கொண்டார். பக்கத்தில் நின்றிருந்த கொக்கு ஒன்று அவரை மரியாதையில்லாமல் பார்த்தது.

பன்னிரண்டாவது நிமிடத்தில் முதல் மோட்டார் சத்தம் கேட்டது.

ஊர் வேறு மாதிரி கேட்டிருந்தது. குளிர்காலத்தில் தண்ணீர் வற்றினால் மீனெல்லாம் கழியின் ஆழமான பள்ளங்களில் போய்க் குவியும். இந்த நேரத்தில் மீன்பிடிக்கிற ஒருவன் தானாக முன்வந்து இடத்தின் பெயரைச் சொல்கிறான், மீனே இல்லை என்கிறான், அதோடு யாரும் வராதீர்கள் என்று கெஞ்சவும் செய்கிறான். கரை நெடுக, பாதி தின்ற முட்டையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

எட்டேகாலுக்குள் ஒன்பது படகுகள். தண்ணீர் குறைவான இடத்தில் வேகத்தைக் குறைத்தால் தரைதட்டும் என்பது இங்கே எல்லாரும் அறிந்த வித்தை. ஆகவே எல்லாரும் முழு வேகத்தில் வந்தார்கள். முழு வேகத்தில் நின்றார்கள்.

"ஏன்யா பிராக், தனியாத் திங்கலாம்னு பாத்தியா?" என்றது ஒரு படகு.

"அழுவுற மாதிரியே பேசினான் பாரு! என் பொண்டாட்டி நம்பிட்டா," என்றது இன்னொன்று. "பெட்டியத் தொறய்யா, பாப்போம்!"

டெல்பர்ட் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சாண்ட்விச் இருந்தது.

"ஆள் கெட்டி. புடிச்சதை எங்கியோ ஒளிச்சுட்டான்."

பத்தாவது படகு எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது. அதிலிருந்து, காலரை உயர்த்தி, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்ட ஒருவர் சேற்றில் இறங்கினார். தொடைவரை புதைந்தார். முப்பதடி தூரத்தைப் பத்து நிமிடத்தில் கடந்து வந்து, டெல்பர்ட்டின் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கினார்.

ஹாலிஸ் டைர்.

வானொலியின் அந்த ஐந்து நிமிடம் கைவிட்டுப் போயிற்று என்று டெல்பர்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. "சார், சத்தியமா நான் பாத்ததைத்தான்..." என்று ஆரம்பித்தார்.

ஹாலிஸ் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் வானொலிக்கு. இப்ப யாரும் கேக்கலை. எனக்கு மட்டும் சொல்லு, எங்க இருக்கு?"

டெல்பர்ட் சேற்றைப் பார்த்தார். ஹாலிஸின் கண்களைப் பார்த்தார். அவற்றில் மன்றாட்டு இருந்தது. கூடவே, இல்லை என்று சொன்னால் வியாழக்கிழமை பேசப்போகும் ரோவினாவும் இருந்தாள்.

குனிந்து, காதோடு காதாகச் சொன்னார்.

"அந்த வளைவைத் தாண்டினா ஒரு பள்ளம். ரெட்ஃபிஷ். ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது."

ஹாலிஸின் முகம் மலர்ந்தது. சேற்றுக்கையோடு டெல்பர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாத்தியா, நெசத்தைச் சொல்றது ஒண்ணும் கஷ்டமில்லை! அடுத்த வியாழக்கிழமையும் நீதான், கேப்டன்."

சொல்லிவிட்டுத் திரும்பி, ஒரு காலைப் பிடுங்கி முன்னால் வைத்தார். பிறகு அடுத்த காலைப் பிடுங்கினார்.

வளைவுக்கு அரை மைல் இருந்தது.