பதினேழாம் டோக்கன்

எலும்பு டாக்டருக்கு எக்ஸ்ரே எல்லாம் சும்மா ஒப்புக்குத்தான். கதவுக்கு வெளியே நோயாளி நடக்கிற சத்தத்திலேயே நோயைப் புட்டுப்புட்டு வைத்துவிடுவார்.

அன்றும் காதைத் தீட்டிக்கொண்டு நர்ஸிடம் சொன்னார்: "இடது முழங்கால். சவ்வு கிழிஞ்சு மூணு மாசம் இருக்கும். இன்னும் தள்ளிப்போட்டா மூட்டே போயிடும்."

"நடையிலயே தெரியுதா, சார்?"

"தைல வாசனை வேற இங்க வரைக்கும் வருது. காலைத் தொட்டுக்கூடப் பார்க்காம எந்த மண்டு தேய்க்கச் சொன்னானோ. அவனை நிக்க வெச்சுக் கேக்கணும்மா."

கதவு திறந்தது. பதினேழாம் நம்பர் டோக்கனோடு டாக்டரின் மனைவி நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"தாராளமா கேளுங்க," என்றாள். "மூணு மாசமா வீட்டுல சொல்றேன், பேப்பர்லேருந்து தலையைத் தூக்காமலே தைலம்னீங்க. அதான் டோக்கன் வாங்கிட்டு வந்தேன்."