இரண்டாவது கேட் பாஸ்

இன்டர்காம் அலறியது. ஏழாம் வகுப்பு 'பி' பிரிவே திடுக்கிட்டது. கிருத்திகா சாக்பீஸை வைத்துவிட்டு எடுத்தாள்.

"மிஸ், அதிதியோட அப்பா வந்திருக்கார். பாப்பாவை அனுப்புங்க" என்றார் கேட்டில் இருந்த செக்யூரிட்டி பசவராஜு.

"பத்தரைக்கே ஜுரம்னு கூட்டிட்டுப் போயிட்டாரே அண்ணா! நான்தானே கேட் பாஸ்ல கையெழுத்துப் போட்டேன்?"

"ஹௌது, ஆமா மிஸ். அவரேதான் மறுபடியும் வந்து நிக்கறார்."

அதிதியின் இடம் காலியாக இருந்தது. காலையில் அப்பாவின் அடையாள அட்டையிலிருந்த போட்டோவைக் கிருத்திகா சரியாகப் பார்க்கவில்லை. யாரோ ஒருவனோடு குழந்தையை அனுப்பிவிட்டோமா? மூன்று மாடிகளையும் ஓட்டமாக இறங்கினாள்.

கேட்டில் அதிதியின் அப்பா ப்ரஹ்லாத் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். போட்டோவில் இருந்த அதே முகம். கேட் நோட்டில் இரண்டு முறையும் ஒரே கையெழுத்து.

"சார், காலையில பாப்பாவைக் கூட்டிட்டுப் போனது நீங்கதானே?"

"நானேதான் மிஸ். நேரா மல்லேஸ்வரம் வீட்டுக்குத்தான் போனோம்."

அவளுக்கு மூச்சு திரும்பியது. "அப்புறம் ஏன் சார் மறுபடியும்...?"

அவர் மூன்றாம் மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பசவராஜுவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"நான் கூட்டிட்டுப் போனது வீட்ல உக்காந்து சாப்பிட்டுட்டிருக்கு. அது அதிதி இல்ல. என் பொண்ணை அனுப்புங்க மிஸ்."