தறிக்குழியில் ஆற்றுத்தண்ணீர்

"கள்ளைக் குடிச்சுப்போட்டு ஆத்துல எறங்காதீங்க மாமா" என்று சென்னிமலையின் கையைப் பிடித்துத் தடுத்தவள் இளைய மனைவி முத்தாயம்மாள். அவர்கள் கைகோத்து நின்றதைப் பார்க்கப் பொறுக்காத மூத்தவள் சாரதாமணி, தறியில் குனிந்துகொண்டாள். அவன் கையை உதறிவிட்டுக் காவிரியில் நீந்தப் போனான். மறுநாள் பிணமாகத்தான் கரை சேர்த்தார்கள்.

காரியம் முடிந்ததிலிருந்து, தினமும் விடியும்போது இளையவள் நெய்யும்போது கால் வைக்கும் தறிக்குழியில் முழங்காலளவு ஆற்றுத்தண்ணீர் நின்றது. அதில் கள் வாசம் அடித்தது. பக்கத்திலேயே இருந்த மூத்தவளின் குழி காய்ந்து கிடந்தது.

"எனக்குப் பயமா இருக்குதுங்க அக்கா."

சாரதாமணிக்குப் பயமில்லை. வயிறுதான் எரிந்தது. செத்த பிறகும் இவளிடம்தானா?

"இன்னைக்கு நீ என்ர தறியில உக்காரு" என்று சொல்லிவிட்டு, இளையவளின் குழியில் தானே காலைத் தொங்கவிட்டாள். தண்ணீர் சில்லென்று முழங்காலைத் தொட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் மெல்ல இறங்கியது. கணுக்காலைவிட்டு, பாதத்தையும் விட்டு இறங்கிக் குழியே காய்ந்துபோயிற்று.

பக்கத்துத் தறியின் சத்தம் நின்றது.

"அக்கா, இங்க கால் நனையுதுங்க" என்றாள் முத்தாயம்மாள்.